பழசுக்கு ஒரு அடையாளம்

உக்காருங்க, உக்காருங்க. சன்னலோரம் நீங்களே வெச்சுக்குங்க. எனக்குக் காத்து ஆகாது.

நானுங்களா? செங்காட்டுப் பிரிவுல எறங்கோணும். அங்க ஒரு பொண்ணு பாக்கற சோலி. எனக்கில்லீங்க. நான் கூடப் போற ஆளு. பொள்ளாச்சில திருமண தகவல் மையம் இருக்குதே, நாச்சிமுத்து அய்யாவுது, அதுல நாந்தான் மேனேஜரு. பேரு ஆறுச்சாமி. மொதத் தடவ ரெண்டு வீட்டுக்காரங்களும் பாத்துக்கறப்ப மையத்து ஆளு ஒருத்தன் கூட இருக்கோணும், அது எங்க வழக்கம்.

மாப்பிள்ள வீட்டுக்காரங்க காருல போயிட்டாங்க. என்னையும் ஏறச் சொன்னாங்க. பஸ்ஸுலயே வந்தர்றேன்னுட்டேன். எனக்குக் காரும் ஆகாது. இதுக்கு முன்னால ஒரு பஸ்ஸு போச்சு, அது கூட்டமா இருந்துது. அதுக்கும் முன்னால ஒண்ணு போச்சு. அதுல கூட்டமில்ல. ஆனா டீ சொல்லியிருந்தேன்.

பொண்ணு யாருன்னா, எங்க ஆபீசுல டைப் பண்ற பொண்ணுதானுங்க. வசந்தாமணி. நல்ல புள்ள. எனக்குப் பண்ணுன அழும்பு மட்டும் இல்லீன்னா இன்னும் நல்ல புள்ளைன்னு சொல்லுவேன். சொல்றேன் கேளுங்க, பிரிவு வர்றதுக்கு இன்னும் நேரம் கெடக்குது.

கட்டிக் குடுத்த எடம் சரியில்லீன்னு கோர்ட்டுல எழுதி வாங்கிக்கிட்டு அம்மா வீட்டுக்கு வந்துட்டா. அப்பறந்தான் கம்ப்யூட்டர் டிப்ளமா படிச்சுப்போட்டு எங்ககிட்ட வேலைக்குச் சேந்தா. வேல சுத்தம். மரியாதைதான் கொஞ்சம் பத்தாது. மொதலாளிய அய்யாங்கறா. டீக்கடைக்காரர அண்ணாங்கறா. போஸ்ட்மேன் அண்ணா, கரண்டு பில்லு எடுக்க வர்றவரு அண்ணா, ஊருல அத்தன பேரும் அண்ணா. என்ன மட்டும் வாய் நெறைய ஒரு வார்த்த சொல்லிக் கூப்பிட மாட்டா. "ஏனுங்க"ம்பா. அவ்வளவுதான். "ஏனுங்க, இங்க வாங்க. ஏனுங்க, சாப்பிட்டீங்களா." ஒரு மேனேஜரக் கூப்பிடற மொறையாங்க இது?

என்ன சிரிக்கறீங்க. உங்க வீட்டுல உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவாங்களா? சரி உடுங்க.

எங்ககிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரு. அதுக்குள்ள தொண்ணூத்தெட்டுங்கற பழைய விண்டோஸ். காலைல சுவிச்ச போட்டுட்டு, சாமி கும்பிட்டு, வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு வந்தா அப்பத்தான் கண்ணு முழிக்கும். ஒரு வரன் போட்டோவத் தொறந்தா மொதல்ல நெத்தி தெரியும். மூக்கு வர்றதுக்குள்ள பொண்ணு வீட்டுக்காரங்க ஜாதகத்த மடிச்சு வெச்சுப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க.

மொதலாளி கோயமுத்தூரு போயி புது விண்டோஸ் தட்டு ஒண்ணு, சீடிங்கறாங்களே அது, வாங்கிட்டு வந்தாரு. எக்ஸ்பி. ஆனா அது முழுசு இல்லீங்க, அப்கிரேடு தட்டு. அதாவது ஏற்கெனவே பழசு வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் சலுகைல குடுக்கறது. மொதலாளி சொன்னாரு, "ஆறுச்சாமி, கடக்காரன் தெளிவாச் சொல்லிட்டான். பழசு இருந்தாத்தான் இது ஏறும். பழச மட்டும் அழிச்சுப்போடாத."

நான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சவனுங்க. பகல்ல மில்லு, ராத்திரில படிப்பு. அப்படிப் படிச்சவனுக்கு ஒண்ணு சொன்னா நல்லாப் பதிஞ்சுரும். பழசு இருக்கோணும், அது மேல புதுசு வைக்கோணும். அவ்வளவுதான. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறப்ப பழைய சுண்ணாம்பச் சொரண்டிக்கிட்டா இருக்கறோம்?

வசந்தாமணி சொன்னா, "மேலயே வெச்சா பழைய குப்பையெல்லாம் அப்படியே அடில கெடக்குமுங்க. வைரஸும் கெடக்கும். சுத்தமா அழிச்சுப்போட்டு, வெறும் எடத்துல புதுசா வெக்கலாம்."

"அழிச்சா அனுமதி போயிரும் அம்மிணி. பழசு இருந்தாத்தான்."

"இருந்துச்சுன்னு அடையாளம் காட்டுனாப் போதுமுங்க. அது உள்ளயே குடியிருக்கோணும்னு இல்ல. தட்டோட வந்த இந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குது பாருங்க. பழைய தட்டு கையில இருந்தா, கேக்கறப்ப உள்ள போட்டுக் காட்டலாம். பாத்துட்டு வெளிய குடுத்துரும்."

"எதுக்கு வம்பு. மேலயே வெச்சா என்ன?"

"அடில இருக்கறத உடறதுக்கு உங்களுக்கு மனசு வரமாட்டீங்குது."

பாத்தீங்களா பேச்ச. கம்ப்யூட்டரப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கறோம், மனசு எங்கிருந்துங்க வந்துது?

கடைசில அவ சொன்னதுதான் நடந்துது. வரன் விவரம் அத்தனையும் தனித் தட்டுல எடுத்து வெச்சுக்கிட்டா. புதுத் தட்டப் போட்டா. நீலமா ஒரு தெர வந்துது. இருக்கறதையெல்லாம் அழிக்கறதுக்குச் சம்மதமா, சம்மதம்னா எல்-ங்கற எழுத்த அழுத்துன்னுது. அழுத்த வேண்டியதுதான? கைய எடுத்துக்கிட்டா.

"நீங்க அழுத்துங்க."

"நீயே அழுத்து."

"நான் எதுக்குங்க அழுத்தோணும். நீங்க சேத்து வெச்சது. நீங்கதான் அழுத்தோணும்."

நான் டீ குடிக்கப் போயிட்டேன். வர்றதுக்குள்ள அழுத்தியிருப்பான்னு பாத்தா, அப்படியே கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கறா. தெரையும் அப்படியே நிக்குது. இன்னொரு டீ குடிக்க முடியாதுங்க, வயிறு ஒத்துக்காது. சன்னலப் பாத்துக்கிட்டே அழுத்தினேன். போச்சு. எல்லாம் போச்சு.

அப்பறம் மெசினு கேட்டுது, பழைய தட்டக் காட்டுன்னு. நான் பெருமையா பீரோவத் தொறந்து எடுத்துக் குடுத்தேன். பத்திரமா வெச்சிருந்தேனுங்க. அவ உறையிலிருந்து உருவிப் பாத்தா. பாத்துட்டு என்னையப் பாத்தா.

ஆயுத பூசைக்கு நாம எல்லாத்துக்கும் பொட்டு வெக்கறோமில்லீங்களா. பீரோவுக்கு, பேனுக்கு, கம்ப்யூட்டருக்கு, எலிப்பொறிக்குக்கூட வெக்கறேன். இந்தத் தட்டுதான அந்தக் கம்ப்யூட்டருக்கே உசுரு? அதுக்கு வெக்காம இருந்தா எப்படி? வருசா வருசம் சந்தனமும் குங்குமமும் கொழச்சு வெச்சிருக்கறேன். போன வருசத்துப் பொட்டு மேலயே இந்த வருசத்துப் பொட்டு. காஞ்சு பாற மாதிரி நிக்குது.

"எந்தப் பக்கமுங்க இது?"

"மூஞ்சிப் பக்கம்."

"எதுங்க மூஞ்சி?"

"பளபளன்னு இருக்கறதுதான மூஞ்சி. எழுத்துப் போட்டிருக்கறது முதுகு."

அவ சிரிச்சா பாருங்க. மேசைல தல கவுத்து வெச்சுச் சிரிச்சா. "படிக்கறதே அந்தப் பக்கந்தானுங்க"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்கு வேர்த்துப் போச்சு. அழிச்சாச்சு. காட்டறதுக்கு அடையாளத்த நானே சந்தனம் பூசி மூடி வெச்சிருக்கறேன். பழசும் இல்ல, புதுசும் இல்ல, மொதலாளி வந்தார்னா நானும் இல்ல.

பஞ்ச நனச்சுப் பொட்டு மேல போட்டு ஊற வெச்சா. நகத்துல சொரண்டக் கூடாதுன்னு எங்கைய வேற தட்டி உட்டா. நடுவுல இருந்து ஓரத்துக்குத் தொடைக்கோணுமாம், சுத்திச் சுத்தித் தொடைக்கக் கூடாதாம். மொதத் தடவ போட்டப்ப மெசினு இது என்னன்னே தெரியலீன்னுட்டுது. வெளிய எடுத்து, வாயால ஊதி, சீலத் தலப்புல தொடச்சா. தொடச்சுக்கிட்டே சொல்றா, "நானும் இந்தப் புதுத் தட்டு மாதிரிதானுங்க. நேராப் போயி நின்னா யாரும் உள்ள உட மாட்டாங்க. பழசுக்குக் கோர்ட்டுக் காயிதம் காட்டு, முடிஞ்சுதுன்னு காட்டு, அப்பறம் பாக்கலாம்பாங்க."

"அப்படியெல்லாம் பேசாத அம்மிணி. மறுமண வரனுக்குக் காயிதம் கேக்கறது நம்ம மையத்து நடமொறை. எல்லாருக்கும் பொதுவானது."

தொடைக்கறத நிறுத்திட்டு என்னையே பாத்தா. "நடமொறை"ன்னா. மறுபடி தொடைக்க ஆரமிச்சுட்டா.

ரெண்டாவது தடவ ஏத்துக்கிச்சுங்க. சித்த நேரம் உர்ர்ருன்னு பாத்துது. பாத்துட்டேன், இனி என்ர தட்டையே போடுன்னுட்டுது. அவ்வளவுதான். அதுக்கப்பறம் அந்தப் பழசக் கேக்கவே இல்ல.

பிரிவு தாண்டிருச்சுங்களா? இல்லீல்ல. நீங்க தூங்கிராதீங்க, அழும்பே இனிமேத்தான் வருது.

எடுத்து வெச்ச வரனையெல்லாம் திரும்ப ஏத்தோணும். மொத்தமா ஏத்திப்போட்டா முடிஞ்சுது. இவ ஒண்ணொண்ணாத் தொறந்து காட்டி என்னையக் கேக்கறா. "இவங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" ஆச்சும்பேன். "அப்ப வேண்டாம்"னு உட்டுருவா. எனக்கு வயித்தெரிச்சல். ஏன்னா தொழில்ல ஒரு சூட்சுமம் இருக்குதுங்க. கல்யாணம் ஆனாலும் நல்ல நல்ல போட்டோவ எடுக்க மாட்டோம். வர்றவங்களுக்கு மொதல்ல அதுகளத்தான் காட்டறது. ஆசையா உக்காருவாங்க. அப்பறம், அடடா இது போன வாரந்தான் முடிஞ்சுதுன்னு சொல்லிப்போட்டு இருக்கறதக் காட்டுவோம்.

அப்படியே வந்து சுகந்தியில நின்னுது.

சுகந்திங்கறது நான் சேந்த புதுசுல வந்த வரன். எங்கம்மா போட்டோவப் பாத்துட்டு, நம்ம ஆறுச்சாமிக்கே கேக்கலாம்னாங்க. போயிப் பாத்தோம். கேசரி குடுத்தாங்க. கலந்து பேசிட்டுச் சொல்றோம்னாங்க. இன்னும் சொல்லலீங்க. இப்ப அந்தப் புள்ள அவிநாசில இருக்குது, வாத்தியாருக்குக் கட்டிக் குடுத்து ரெண்டு பசங்க. ஆனா எங்களுக்கு மொறைப்படி பதில் வரலீல்லீங்களா. பதில் வராம ஒரு பைல எப்படி மூடறது? அதனால அப்படியே வெச்சிருந்தேன். எங்கம்மாவும் போயிச் சேந்தாச்சு. வெச்சிருக்கறதுல எந்த மனக்கொறையும் கெடையாது. முழுக்க நிர்வாகக் காரணம்.

"இவங்களுக்கு ஆயிருச்சுங்களா?"ன்னா.

"ஆச்சு."

"அப்ப வேண்டாந்தானுங்க?"

"இருக்கட்டும். போட்டோ நல்லாருக்குது. ஆளுக கேப்பாங்க."

ஏத்திப்போட்டா. அன்னிக்கு முழுக்க ஒரு 'ஏனுங்க' கூட இல்ல. என்னையக் கூப்பிட வேண்டி வந்தா மேசையத் தட்டுனா.

நாலஞ்சு நாள் கழிச்சு என்ர மேசைக்கு எதுத்தாப்பல, வாடிக்கையாளர் உக்கார்ற நாற்காலில வந்து உக்காந்தா. "என்ர விவரத்தையும் ஏத்துங்க. நானே ஏத்திக்கக் கூடாது, நடமொறை."

சந்தோசம்னேன். பேரு, நச்சத்திரமெல்லாம் தெரிஞ்சதுதான். எதிர்பார்ப்பு என்னன்னு கேட்டேன்.

"பொள்ளாச்சிலயே இருக்கோணும்."

"சரி."

"வயசு நாப்பது. கூடக்கொறச்சு இருக்கலாம்."

"சரி."

"படிப்பு, ராத்திரிப் பள்ளிக்கூடமா இருந்தாலும் பரவால்ல."

"இப்பெல்லாம் அப்படி யாரும் படிக்கறதில்ல அம்மிணி. அது எங்க காலத்தோட போச்சு."

"எழுதுங்க."

எழுதினேன்.

"அடுத்தவங்க கல்யாணத்துக்கே அலஞ்சுக்கிட்டு இருந்தாலும் ஒத்துக்கறேன்."

அத அப்படியே போட முடியுங்களா? 'பொதுச்சேவையில் ஆர்வம்'னு போட்டுக்கிட்டேன்.

"அப்பறம், எந்தப் பக்கம் மூஞ்சி, எந்தப் பக்கம் முதுகுன்னு தெரியாட்டியும் நான் சொல்லிக் குடுத்துக்கறேன்."

"இந்த மாதிரி வெளையாட்டெல்லாம் விவரத்துல வராது"ன்னேன்.

புது மெசினு, தட்டுனதும் தேடிருச்சு. ஒருத்தரும் இல்ல. பொருத்தம் பூச்சியம். தெரையத் திருப்பி அவளுக்கே காட்டினேன்.

"சரியாத் தேடுனீங்களா?"

"மெசினு பொய் சொல்லாது அம்மிணி."

"மெசினுல ஏத்துனாத்தானுங்க அதுக்குத் தெரியும். யாராவது உட்டுப் போயிருக்கறாங்களான்னு பாருங்க."

"ஒண்ணும் உடல. இருந்ததெல்லாம் நீதான ஏத்துன."

"இருந்ததெல்லாம் ஏத்தினனுங்க"ன்னா. எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டா. வெகுநேரம் குடிச்சா.

எனக்குப் பாவமாப் போச்சுங்க. ஒரு பொண்ணு வாய் தொறந்து கேட்டு, நம்ம மையத்துல ஆளே இல்லீன்னா நல்லாவா இருக்குது? எதிர்பார்ப்பக் கொஞ்சம் அகலப்படுத்தினேன். பொள்ளாச்சிங்கறத எடுத்தேன், ராத்திரிப் பள்ளிக்கூடத்த எடுத்தேன், பொதுச்சேவைய எடுத்தேன். கோபிச்செட்டிபாளையத்துல ஜவுளிக்கட வெச்சிருக்கற ஒருத்தரு வந்தாரு. சம்சாரம் தவறிப் போச்சு, கொழந்தைக இல்ல. தங்கமான மனுசன். காருகூட மெதுவாத்தான் ஓட்டுவாரு. போட்டோவக் காட்டினேன்.

"நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டா.

"அருமையான எடம். உடாத."

"உங்களுக்குச் சம்மதமுங்களா?"

"என்ர சம்மதம் எதுக்கு? நான் மையம்."

சரி, வரச் சொல்லுங்கன்னுட்டா. அன்னில இருந்து லீவு. வீட்டுல வெள்ளையடிக்கறாங்களாம்.

ஆபீசுல இப்ப எல்லாம் வெசைங்க. சுவிச்சப் போட்ட உடனே கண்ணு முழிக்குது, நெத்தியும் மூக்கும் ஒண்ணா வருது. ஒரு சத்தம் கெடையாது. அந்தச் சத்தமில்லாததுதான் எனக்கு ஒத்துக்கல. டீ குடிக்கப் போனா டீக்கடைக்காரரு, "எங்க அந்தப் புள்ளையக் காணோம்"ங்கறாரு. அவருதான் அவளுக்கு அண்ணனாச்சே, கேக்கறாரு.

முந்தாநேத்து தாராபுரத்துக்காரர் ஒருத்தர் பையனுக்குப் பொண்ணு தேடி வந்தாரு. வழக்கம்போல சுகந்தி போட்டோவ மொதல்ல காட்டினேன். இதுவே பிடிச்சிருக்குது, பேசி முடிங்கன்னாரு. அதுக்குக் கல்யாணம் ஆச்சுங்க, ரெண்டு பசங்கன்னு சொன்னேன். "அப்பறம் எதுக்கய்யா வெச்சிருக்கற?"ன்னு கேட்டாரு. சூட்சுமத்த அவருகிட்டச் சொல்ல முடியுங்களா. அவரு போனதும் அழிச்சுப்போட்டேன். எடத்த அடைக்குதுன்னு. எடம் ஏகமாக் கெடக்குது, இருந்தாலும்.

என்னங்க? என்ர விவரமா?

மெசினுல இருக்குதான்னா, இல்லீங்க. நான் எப்படி இருப்பேன்? நான் மேனேஜரு. பரிமாறறவன் பந்தில உக்காருவானா? பழைய மெசினுலயும் இல்ல, எடுத்து வெச்ச தட்டுலயும் இல்ல. அதனால அவளும் ஏத்தியிருக்க... அவ ஏத்தறதுக்கு...

சித்த இருங்க.

பொள்ளாச்சின்னா. நாப்பதுன்னா. ராத்திரிப் பள்ளிக்கூடம்னா.

எலிப்பொறிக்கெல்லாம் பொட்டு வெச்சவனுக்கு இது தெரியாமப் போச்சா?

இருங்க, போனு அடிக்குது. அவதான்.

அலோ. வசந்தாமணியா. சொல்லு... வந்துட்டாங்களா. நல்லது... பலகாரம் குடுத்தாச்சா... பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கறேன். இல்ல, முன்னால போன பஸ்ஸு கூட்டம்... அதுக்கும் முன்னால போனப்ப டீ சொல்லியிருந்தேன்... ஆமா, நல்லவருதான். அதுல சந்தேகமே இல்ல... நீ என்ன சொல்றதுன்னு எங்கிட்டக் கேக்கறியா?

ஒண்ணும் சொல்லாத. நான் வர்ற வரைக்கும் ஆமான்னும் சொல்லாத, இல்லீன்னும் சொல்லாத. வரன் ஒண்ணு ஏத்தாம உட்டுப்போச்சு... ஆமா, எங்க தப்புதான். மையத்தோட தப்பு... பொள்ளாச்சிதான். வயசு நாப்பத்தொண்ணு, கூடக்கொறச்சு இருக்கலாம்னு நீதான சொன்ன... யாருன்னா வந்து சொல்றேன்... அடில ஒண்ணும் இல்ல. அழிச்சாச்சு... நாந்தான் அழுத்துனேன்... டீ குடிக்கப் போகல, நேரா அழுத்திட்டேன்.

சிரிக்காத அம்மிணி. வீட்டுக்கு வந்த ஒறம்பரை இருக்கறாங்க, கேக்கப் போறாங்க.

வெச்சுட்டாங்க.

நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுங்க. தொழில்ல நாணயம்னு ஒண்ணு இருக்குது. தகுந்த வரன் ஒண்ணு கையில இருக்கறப்ப காட்டாம உடறது பெரிய தப்பு. நாளைக்குத் தெரிஞ்சா மையத்தோட பேரு என்ன ஆவறது? அதுக்காகத்தான். கோபிக்காரருகிட்ட நானே சொல்லிக்கறேன். அவருக்கு வேற நல்ல எடம் பாத்துக் குடுக்கற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது, அது என்ர பொறுப்பு. திட்டுவாரு. தங்கமான மனுசன், மெதுவாத்தான் திட்டுவாரு.

கண்டக்டர் பிரிவுங்கறாரு. நான் வர்றனுங்க. கொஞ்சம் காலை மடக்கிக்குங்க.

ஒண்ணே ஒண்ணுங்க. நீங்க ஒளிக்காமச் சொல்லோணும். இந்தச் சட்டை பரவால்லீங்களா? கூடப் போற ஆளுதானன்னு இதப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.